குளோபியூலின் 75: வன்னி விவசாயி ஒருவரில் எச்.ஐ.வி. தொற்றும் பிறபொருளெதிரிகளின் நிலைகுலைவும்

இங்கு விவரிக்கப்படும் நோயாளி, வன்னியில் குளத்து நீரை நம்பி நெற்செய்கை செய்யும் 48 வயது விவசாயி. அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரை இன்னாரென்று காட்டக்கூடிய ஊர், குடும்ப விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எச்.ஐ.வி. அவருக்கு எந்த வழியால் தொற்றியது என்பதை எழுதப்போவதில்லை. இந்த ஆய்வுக்கு அது வேண்டியதில்லை. சிறிய ஊர்களில் அப்படியான ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதையும் இங்கு பணிபுரியும் எவரும் அறிவர். அவருடைய குருதியில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தன. ஆனால் அவரைத் திரும்பத் திரும்பப் படுக்கையில் வீழ்த்திய கிருமியைத் தடுக்க அவற்றால் இயலவில்லை. அந்த நிறைவைச் சாதாரண இரசாயனப் பரிசோதனைத் தாள் ஒன்று பதினான்கு மாதங்களுக்கு முன்பே காட்டியிருந்தது. அதை நான் வாசிக்கத் தவறினேன்.

காலபோக அறுவடை முடியும் தறுவாயில், மாசி மாதத்தில், நான்கு நாள் காய்ச்சலோடும் துருநிறச் சளியோடும் வலது நெஞ்சுக் குத்தோடும் அவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டார். எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெண்மையாகத் தெரிந்தது. குருதி வளர்ப்பில் நியுமோனியாவைத் தரும் பக்டீரியாவான நியுமோகொக்கசு வளர்ந்தது. செப்ட்ரையக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கி நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. நியுமோனியா என்ற அளவில் இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் பதினான்கு மாதங்களுக்குள் அவருக்கு வந்த மூன்றாவது நியுமோனியா இது. ஒரு வருடத்துக்கு முன் 63 கிலோ இருந்தவர் இப்போது 52 கிலோவாக இருந்தார்.

அவருடைய இடது தொடையில் 2009இல் பாய்ந்த எறிகணைச் செல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. வருடத்தில் ஓரிரு தடவை அந்த இடம் வீங்கிச் சிறிது சீழ் வடியும். வன்னியில் இப்படி உடம்பில் இரும்பைச் சுமப்பவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கு, உடலில் அழற்சியைக் காட்டும் செங்குழியப் படிவு வேகமான ஈ.எஸ்.ஆர். கூடியிருந்தால், நீண்டநாள் என்புத் தொற்று என்ற விளக்கம் வைத்தியரின் மனதில் உடனே வந்து நின்றுவிடுகிறது. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கிறது. இந்த நோயாளியின் ஈ.எஸ்.ஆர். முதலாவது நியுமோனியாவின்போது 95 ஆக இருந்தது. அதற்கும் செல் துண்டே காரணமாகச் சொல்லப்பட்டது.

அதற்குச் சில மாதங்களின் பின் மூட்டு நோவுக்காக அவர் வெளியே ஓரிடத்தில் காட்டியபோது, வாதக் காரணிப் பரிசோதனை நேராக (பொசிற்றிவ்) வந்திருக்கிறது. அந்த ஒரு முடிவை வைத்து மூட்டுவாதம் என்று தீர்மானித்து, இரண்டு மாதங்களுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மருந்தைக் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே முதுகின் இடப்பக்கம் அக்கி போட்டது. அதற்கு நாட்டு வைத்தியம் செய்திருக்கிறார். இவையெல்லாம் நாங்கள் கேட்டுப் பெற்ற பின்னரே வரிசைப்பட்டன. அவராகச் சொன்னது இருமலை மட்டுமே.

சொப்பிங் பையில் சுற்றி அவர் கொண்டுவந்த கிளினிக் கொப்பி ஈரம் பட்டு உப்பியிருந்தது. அதன் நடுப்பக்கம் ஒன்றில், முதலாவது நியுமோனியாவின்போது எடுத்த இரசாயனப் பரிசோதனைத் தாள் குத்தப்பட்டிருந்தது. மொத்தப் புரதம் லீற்றருக்கு 92 கிராம், அல்புமின் 33 கிராம். அல்புமின் தவிர்ந்த மற்றப் புரதங்களே குளோபியூலின்; பிறபொருளெதிரிகள் அதில் அடங்கும். அதற்குரிய கட்டம் அந்தத் தாளில் இல்லை. அல்புமின் குறைவைக் கண்டு, பக்கத்தில் ‘சாப்பாடு போதாது, முட்டை, பால், பருப்பு’ என்று எழுதியிருந்தது, அது என்னுடைய கையெழுத்து. 92இலிருந்து 33ஐக் கழித்தால் 59 வரும். குளோபியூலின் வழமையாக 20 முதல் 35 கிராம் வரை இருக்கும்; 40க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். உணவுக் குறைவால் அல்புமின் இறங்கலாம், ஆனால் குளோபியூலின் இப்படி ஏறாது. ஒரு கழித்தல் கணக்கை அன்று நான் செய்திருந்தால், அதற்குப் பின் வந்த இரண்டு நியுமோனியாக்களும் ஸ்டீராய்டும் அக்கியும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

இம்முறை அந்தக் கணக்கை எங்களுக்கு நினைவூட்டியவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். குருதிப் பூச்சைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்: “டொக்டர், ஒருக்கா வந்து பாருங்கோ. பின்னணி நீலமாக் கிடக்கு.” நுணுக்குக்காட்டியில் செங்குழியங்கள் சில்லறைக் காசுகளை அடுக்கிச் சரித்துவிட்டதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவற்றுக்கிடையில், வழமையாக வெறுமையாகத் தெரியும் இடம், மெல்லிய நீலச்சாயம் பூசியதுபோல் இருந்தது. சாயத்தை ஏற்கும் புரதம் சீரத்தில் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. சீரம் பிப்பெட்டில் வழமையைவிடத் தயக்கத்தோடு இறங்கியதாகவும் அவர் சொன்னார்.

அன்றைய முடிவுகள்: ஈமோகுளோபின் 9.6, வெண்குழியங்களில் நியுட்ரோபில்கள் ஏறியிருக்க, நிணநீர்க்குழியங்கள் மைக்ரோலீற்றருக்கு 700 மட்டும், குருதிச் சிறுதட்டுகள் 1,18,000, ஈ.எஸ்.ஆர். 128. மொத்தப் புரதம் 104, அல்புமின் 29. அதாவது குளோபியூலின் 75. சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியற்றினின் வந்த அன்று 108ஆக இருந்து, நீரிழப்பைச் சரிசெய்தபின் 88க்கு இறங்கியது. கல்சியம் வழமையான அளவில் இருந்தது.

இரத்தசோகை, உச்சத்தில் நிற்கும் ஈ.எஸ்.ஆர்., அடுக்கடுக்கான செங்குழியங்கள், அளவுமீறிய குளோபியூலின், திரும்பத் திரும்ப வரும் நியுமோகொக்கசுத் தொற்று ஆகிய ஐந்தையும் ஒருமித்துப் பார்க்கும் எவருக்கும் என்பு மச்சைப் புற்றுநோயான மயலோமாவே முதலில் தோன்றும். எங்களுக்கும் அப்படியே தோன்றியது. மண்டையோடு, முள்ளந்தண்டு, இடுப்பு என்புகளின் எக்ஸ்ரே படங்களில் அரிப்பு எதுவும் இல்லை. தொடையிலுள்ள இரும்பின் காரணமாக எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தவிர்த்தோம். என்பு மச்சை மாதிரியின் முடிவில், பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் பிளாஸ்மா கலங்கள் நூற்றுக்கு 14 என்று வந்தபோது விடுதியில் பலர் நோய் தீர்மானமாகிவிட்டதென்றே எண்ணினர். மயலோமாவுக்கு நூற்றுக்கு 10 போதும் என்பது பாடப்புத்தக எல்லை. ஆனால் அந்த எல்லை ஒரே குலத்திலிருந்து பெருகிய பிளாஸ்மா கலங்களுக்கு மட்டுமே பொருந்தும். இவருடைய கலங்களில், பிறபொருளெதிரியின் கப்பா, லம்டா ஆகிய இரு வகை இழைகளையும் செய்பவை வழமையான விகிதத்திலேயே கலந்திருந்தன.

சீரத்தின் புரதங்களைப் பிரித்து வரைபாகக் காட்டும் புரத எலக்ட்ரோபொரெசிஸ் அதை இன்னும் தெளிவாகக் காட்டியது. மயலோமாவில் ஒரே கலம் பெருகி ஒரே வகைப் பிறபொருளெதிரியைக் கொட்டுவதால், வரைபில் பிறபொருளெதிரிகளுக்குரிய காமாப் பகுதியில் வயலில் நிற்கும் தனிப்பனைபோல் ஒடுங்கிய உச்சி ஒன்று எழும். இவருடைய வரைபிலோ அந்த இடம் முழுவதும் குளக்கட்டுப்போல அகன்று உயர்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான வேறுவேறு பி கலக் குலங்கள் ஒரே காலத்தில் சுரக்கின்றன என்பதே அதன் பொருள். அளவீட்டில், பிறபொருளெதிரி வகைகளில் முதன்மையான ஐ.ஜி.ஜி. லீற்றருக்கு 46 கிராம். வழமையின் மேலெல்லை ஏறத்தாழ 16. மற்ற வகைகளான ஐ.ஜி.ஏ. 7.2, ஐ.ஜி.எம். 2.6.

அகன்ற குளக்கட்டுக்கு எங்கள் பகுதியில் தேட வேண்டிய காரணங்கள் பல. ஈரல் சிதைவு அவற்றுள் முதன்மையானது. இவருக்கு எப்படைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை, ஸ்கானில் ஈரலும் மண்ணீரலும் இயல்பாக இருந்தன. காசநோய்க்காகச் சளியை ஜீன் எக்ஸ்பேர்ட் முறையில் பார்த்தோம், இல்லை. இலங்கையில் பரவும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் அது டொனோவானி இனத்தைச் சேர்ந்தது. அந்த இனம் மற்ற நாடுகளில் உள்ளுறுப்புகளைப் பிடித்து குளோபியூலினை இதே அளவுக்கு ஏற்றுவது என்பதால், என்பு மச்சையில் அதையும் தேடச் சொன்னோம். அதுவும் இல்லை. சேற்றில் வேலை செய்பவர் என்பதால், மண்ணிலும் நீரிலும் வாழும் பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நினைவில் இருந்தது; அதற்குப் பிறபொருளெதிரிப் பரிசோதனையை நம்பாமல் வளர்ப்பையே எடுத்தோம், மறையாக வந்தது. செல் துண்டுள்ள இடத்தில் அப்போது வீக்கமோ சீழோ இல்லை.

எச்.ஐ.வி. பரிசோதனை ஆறாம் நாளில்தான் கேட்கப்பட்டது. வாயைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அண்ணத்தில் ஒட்டியிருந்த வெண்படலமும், சட்டையைக் கழற்றச் சொன்னபோது முதுகில் தெரிந்த அக்கித் தழும்பும்தான் அதைக் கேட்க வைத்தன. குளோபியூலின் 75 தனியாகவே அதைக் கேட்கப் போதுமானதாக இருந்தது. இலங்கையில் எச்.ஐ.வி. தொற்றிய முதலாவது இலங்கையர் 1987இல் கண்டறியப்பட்டார்; இன்றுவரை வயது வந்தோரில் தொற்றுள்ளவர்களின் வீதம் நூற்றுக்கு 0.1க்கும் குறைவு. இது நாட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் இதே குறைந்த வீதம், ஒரு நோயாளி முன்னால் இருக்கும்போது இந்த நோயை நினைக்கவிடாமல் செய்கிறது. குடும்பஸ்தர், வயது நாற்பத்தெட்டு, காலில் செல் துண்டு என்று வைத்தியர் தன் மனதில் ஒரு சித்திரத்தை வரைந்துவிட்ட பிறகு, அதற்குள் அடங்காத கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படுகிறார். கூச்சம் வைத்தியருக்கு, விலை கொடுப்பவர் நோயாளி.

பிறபொருளெதிரியையும் வைரசின் பி24 புரதத்தையும் ஒன்றாகத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை நேராக வந்தது. குளோபியூலின் மிகுந்த சீரத்தில் பொய் நேர் முடிவு வரக்கூடும் என்பதால், உறுதிப்படுத்தும் முடிவு கொழும்பிலிருந்து வரும்வரை அவரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. உறுதியானபின், எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் உதவி டி கலங்களான சீ.டி.4 கலங்கள் மைக்ரோலீற்றருக்கு 112 என்றும், வைரசுச் சுமை மில்லிலீற்றருக்கு இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் என்றும் தெரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு, தாதிய உத்தியோகத்தர் ஒருவர் உடனிருக்க, அவரிடம் பேசினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொப்பியிலிருந்த புதிய தாளை விரித்து அவர் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்:

“டொக்டர், இதில எதிர்ப்புச் சத்து மூண்டு மடங்கு கூடவெண்டு சொல்லுறியள். அப்ப எனக்குக் குறைஞ்சது எது?”

“கூடினது அளவுதான் அண்ணை. அதில வேலை செய்யிறது குறைவு.”

அவர் சற்று யோசித்தார். “யூரியா கூடிப்போன வயல் மாதிரியோ? ஆளுயரத்துக்குப் பச்சையாத்தான் நிக்கும். அறுத்தால் பாதி சப்பி.”

அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து மாணவர்களுக்கு அந்த வார்த்தையிலேயே இதை விளக்கி வருகிறேன்.

யூரியா எங்கிருந்து வருகிறது என்பதே இந்த நோயின் விளக்கம். பிறபொருளெதிரிகளைச் செய்வன பி கலங்களும் அவற்றிலிருந்து முதிரும் பிளாஸ்மா கலங்களும். இயல்பான உடலில் ஒரு கிருமி நுழைந்தால், அதை இனங்காணும் பி கலம் மட்டும் தூண்டப்பட்டு, நிணநீர்க் கணுக்களிலுள்ள முளைமையங்களுக்குள் சென்று, அங்குள்ள உதவி டி கலங்களின் தேர்வுக்கு உட்படுகிறது. கிருமியை இறுக்கமாகப் பற்றும் பிறபொருளெதிரியைச் செய்யும் கலம் வளர்க்கப்படும். சரியாகப் பற்றாதது மடியவிடப்படும். தேறியவற்றில் ஒரு பகுதி நினைவுக் கலங்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். எச்.ஐ.வி. இந்த ஒழுங்கை இரண்டு முனைகளிலும் குலைக்கிறது. ஒரு முனையில், தேர்வு செய்ய வேண்டிய உதவி டி கலங்களுக்குள்ளேயே வைரசு குடிபுகுந்து விடுகிறது. அவை எண்ணிக்கையில் சில காலம் பெருகினாலும் செய்ய வேண்டிய வேலையைச் செய்வதில்லை. மறுமுனையில், யாரும் தேர்ந்தெடுக்காத பி கலங்கள் எல்லாம் ஒரே காலத்தில் தூண்டப்படுகின்றன.

அந்தத் தூண்டுதலுக்குக் காரணம் ஒன்றல்ல. வைரசின் மேலுறைப் புரதமே பி கலங்களைத் தூண்டவல்லது. தொற்றால் மிகும் இன்டர்லியூக்கின் 6, பாஃப் முதலிய சுரப்புகள் அவற்றை மேலும் வளர்க்கின்றன. குடற்சுவரின் சேதத்தை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது அதையே. உடலின் சீ.டி.4 கலங்களில் பெரும்பங்கு குடலின் உட்சுவரில் வாழ்கிறது. தொற்றின் முதற் சில வாரங்களிலேயே அவை பெருமளவில் அழிகின்றன. அதன்பின் குடற்கிருமிகளின் சிதைபொருட்கள் சுவரைக் கடந்து குருதிக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. குளக்கட்டில் நண்டுவளை போட்டால் தண்ணீர் நாளும் பொழுதும் கசிவதுபோல அந்தக் கசிவு நிற்பதில்லை; நிர்ப்பீடனத் தொகுதி இளைப்பாற இடமும் இல்லை. தூண்டப்பட்ட பி கலங்கள் அவசர அவசரமாகப் பிளாஸ்மா கலங்களாகி ஐ.ஜி.ஜி.யைக் கொட்டுகின்றன. அதில் ஒரு பகுதி எச்.ஐ.வி.யை நோக்கியது, பெரும்பகுதிக்குக் குறிப்பான இலக்கு இல்லை.

எயிட்ஸ் நோய் முதன்முதலாக 1981இல் விவரிக்கப்பட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1983இல், நோயாளிகளின் பி கலங்கள் தாமாகவே பிறபொருளெதிரிகளைச் சுரப்பதும், புதிய தூண்டலுக்கு ஒழுங்காகப் பதிலளிக்காததும் பதிவாகிவிட்டன. டி கலங்களின் எண்ணிக்கையை அளந்து நோயைப் பின்தொடர்வது வழக்கமாகிவிட்டதால், பி கலங்களின் இந்தச் சீர்கேடு கவனத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

மொத்தம் ஏறியிருக்கையில் குறைந்தது எது என்ற நோயாளியின் கேள்விக்கு மருத்துவத்தின் பதில் இது. ஐ.ஜி.ஜி.யின் நான்கு துணைவகைகளில் ஏறுபவை பெரும்பாலும் ஒன்றும் மூன்றும். நியுமோகொக்கசின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராக முன்னின்று வேலை செய்யும் இரண்டாம் வகை அவற்றோடு சேர்ந்து ஏறுவதில்லை, பல நோயாளிகளில் குறைந்தும் விடுகிறது. அதே சர்க்கரைச் சங்கிலிகளை விரைந்து இனங்காணும் ஐ.ஜி.எம். நினைவுக் கலங்களும் தேய்கின்றன. நினைவுக் கலங்களில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை களைத்துப்போனவை. கிருமியைக் கண்டாலும் பெருகுவதில்லை. மண்ணீரல் நல்ல நிலையிலிருந்தும், ஐ.ஜி.ஜி. 46 இருந்தும், ஒரே கிருமி இவரை மூன்று தடவை வீழ்த்தக்கூடியதாக இருந்ததற்கு இதுவே போதிய விளக்கம் என்று கருதுகிறேன். முதலிரண்டு நியுமோனியாக்களில் வளர்ப்பு எடுக்கப்படவில்லை என்பதால், அவற்றின் கிருமியும் இதுவே என்பது அனுமானம்தான். சீ.டி.4 எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாத நோயாளிகளிலும் நியுமோகொக்கசு வழமையைவிடப் பலமடங்கு கூடுதலாகத் தாக்குவது அறியப்பட்ட உண்மை. ஆகவே காரணமில்லாமல் நியுமோனியா இரண்டாம் தடவை வரும்போதே எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கேட்டுக்கொள்வது தகும்.

இலக்கில்லாத பிறபொருளெதிரிகள் சும்மா இருப்பதுமில்லை. பரிசோதனைக் குழாய்களில் பொய்சாட்சி சொல்கின்றன. இந்த நோயாளியில் அது இருதடவை நடந்தது. முதலாவது, மேலே சொன்ன வாதக் காரணி. அது தன் உடலின் ஐ.ஜி.ஜி.யையே பற்றும் ஒரு பிறபொருளெதிரி. பி கலங்கள் கட்டுமீறித் தூண்டப்படும் எந்த நோயிலும் தோன்றலாம். மூட்டு வீங்கியிருந்ததா, காலையில் விறைத்ததா என்று பார்க்காமல் தாளை மட்டும் பார்த்ததால், ஏற்கனவே நிர்ப்பீடனம் நலிந்த ஒருவருக்கு அதை மேலும் நலிவிக்கும் மருந்து போனது.

இரண்டாவது நிகழ்வு எங்கள் கையில் நடந்தது. எச்.ஐ.வி. உறுதியானவுடன் வழமைப்படி சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனை எடுக்கப்பட்டு, நான்கில் ஒன்று என்ற செறிவில் நேராக வந்தது. அந்தத் தாளை முதலில் கண்ட இளம் வைத்தியர், மனைவியை அழைத்து இருவருக்கும் ஊசி போடவேண்டுமா என்று கேட்டார். கிருமிக்கே உரிய டி.பி.பி.ஏ. பரிசோதனை வரும்வரை பொறுக்கச் சொன்னேன். அது மறையாக வந்தது. வி.டி.ஆர்.எல். தேடுவது சிபிலிஸ் கிருமியை அல்ல, கொழுப்புப் பொருளொன்றை எதிர்க்கும் பிறபொருளெதிரியை, எச்.ஐ.வி. உள்ளவர்களில் அது சிபிலிஸ் இல்லாமலே தோன்றலாம். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் சேர்ந்து வருவதும் உண்மையே என்பதால் அலட்சியம் செய்யவும் முடியாது. இரண்டாவது பரிசோதனை இல்லாமல் வாய் திறக்கக்கூடாது என்பதே வழி. ஏற்கனவே ஒரு பெரிய செய்தியைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தின் தலையில், இல்லாத இன்னொரு நோயை நாங்கள் ஏற்றியிருப்போம்.

மனைவியின் எச்.ஐ.வி. பரிசோதனை மறையாக வந்தது. மூன்று மாதங்களின் பின் மீண்டும் எடுத்தபோதும் அப்படியே. பிள்ளைகள் பெரியவர்கள், தாய்க்குத் தொற்றில்லை, ஆகவே அவர்களைப் பரிசோதிக்கும் தேவை எழவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்காக ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: தொற்றுள்ள தாயின் ஐ.ஜி.ஜி. சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தைக்குப் போவதால், பதினெட்டு மாதம் வரை குழந்தையில் காணப்படும் பிறபொருளெதிரி தாயினுடையதாக இருக்கலாம். அந்த வயதில் வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். முறையே பேசும். தாயிலிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றுறுதி கிடைத்தது. அதைத் தக்கவைப்பதில் குடும்பநல மருத்துவமாதுக்களின் பங்கு பெரிது.

சிகிச்சையில் விவரிக்க அதிகமில்லை. காசநோய் இல்லையென்று தெளிந்தபின், வைரசை அடக்கும் டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை நாளுக்கு ஒன்றாகவும், மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமொக்சசோலும் தொடங்கப்பட்டன. நியுமோனியா திரும்பத் திரும்ப வந்ததால் பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளான இம்யூனோகுளோபியூலினை நாளத்தினூடாக ஏற்றினால் என்ன என்ற யோசனை விடுதியில் எழுந்தது. 1990களின் தொடக்கத்தில், இன்றைய மருந்துகள் வருமுன், எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைகளில் அது கடும் பக்டீரியாத் தொற்றுகளைக் குறைத்தது உண்மை. ஆனால் கோட்ரைமொக்சசோல் எடுத்த பிள்ளைகளில் மேலதிக நன்மை தெரியவில்லை. வளர்ந்த ஒருவருக்கு, வைரசை அடக்கும் மருந்து கையிலிருக்கும்போது, அந்த விலையுயர்ந்த வழியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆறாம் மாதத்தில் வைரசுச் சுமை அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழே போயிருந்தது. சீ.டி.4 கலங்கள் 214. ஐ.ஜி.ஜி. 46இலிருந்து 27க்கு இறங்கியிருந்தது. குளோபியூலின் இறங்குவதைப் பார்த்து நோயாளி முதலில் பயந்தார். இருக்கும் சத்தும் போகிறதே என்று கேட்டார். பசளை குறைந்து வயல் தன் நிறத்துக்கு வருகிறது என்று, அவருடைய வார்த்தையையே திருப்பிச் சொன்னேன். வைரசு அடங்கியதும் தூண்டுதல் தணிந்து, தேவையற்ற சுரப்பு குறைகிறது. பதினெட்டாம் மாதத்தில் ஐ.ஜி.ஜி. 19, குளோபியூலின் 38. அதே மாதம் எடுத்த வி.டி.ஆர்.எல். மறையாகவும், வாதக் காரணி எல்லைக்குக் கீழாகவும் வந்தன.

ஆனால் அளவு சீரானதும் தரமும் சீராகிவிட்டது என்று எண்ணினால் அது பிழை. எப்படைட்டிஸ் பி தடுப்பூசியை, காத்திருக்க மனமில்லாமல், சிகிச்சையின் முதல் மாதத்திலேயே தொடங்கினோம். வழமையான 20 மைக்ரோகிராம் அளவில் மூன்று ஊசிகள். எட்டாம் மாதத்தில் பிறபொருளெதிரியின் அளவு மில்லிலீற்றருக்கு 4 மில்லி அலகு மட்டுமே. பாதுகாப்புக்குக் குறைந்தது 10 வேண்டும். உடலில் மொத்த ஐ.ஜி.ஜி. இன்னும் வழமையை மிஞ்சி நிற்கையில், நாங்கள் கேட்ட ஒரே ஒரு பிறபொருளெதிரியை அந்த உடலால் செய்து தர இயலவில்லை. பதினான்காம் மாதத்தில் சீ.டி.4 கலங்கள் 300ஐத் தாண்டியபின், இரட்டை அளவில், 40 மைக்ரோகிராமாக, நான்கு ஊசிகள் ஆறு மாத இடைவெளிக்குள் மீண்டும் போட்டோம். நியுமோகொக்கசுக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசியை வெளியே வாங்கவேண்டியிருந்தது. நெல் விற்ற காசில் அவரே வாங்கினார். எட்டு வாரங்களின் பின் இருபத்துமூன்று வகைகளுக்கான ஊசியும் போடப்பட்டது. அதன் பிறகு நியுமோனியா வரவில்லை. அது தடுப்பூசியாலா, மீண்ட சீ.டி.4 கலங்களாலா என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

சிகிச்சை பிந்தித் தொடங்கியவர்களில் நினைவு பி கலங்கள் முழுமையாக மீள்வதில்லை. தொற்றின் தொடக்கத்திலேயே மருந்து பெற்றவர்களில் அவை பெருமளவு காக்கப்படுகின்றன. என் கொப்பிக் குறிப்பால் இழந்த பதினான்கு மாதங்களை நான் எண்ணிப் பார்ப்பது இந்த இடத்தில்தான். அந்தக் காலத்தில் தேய்ந்த கலங்களில் எத்தனை திரும்பி வந்தன என்பதை எங்களிடமுள்ள எந்தப் பரிசோதனையாலும் அளக்க முடியாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் இப்போது மொத்தப் புரதமும் அல்புமினும் கேட்கப்படும் எல்லாத் தாள்களிலும், அச்சிட்ட கட்டம் இல்லாவிட்டாலும், தொழில்நுட்பவியலாளர் கழித்துப் பார்த்து குளோபியூலினைப் பேனையால் எழுதுகிறார். 40ஐத் தாண்டினால் கீழே கோடிடுகிறார். இதற்குக் கருவியோ இரசாயனமோ தேவைப்படவில்லை. கோடிட்ட தாள்களில் பெரும்பாலானவை ஈரல் நோயாளிகளினதும் நாட்பட்ட தொற்றுள்ளவர்களினதும்தான். ஆனாலும் ஒவ்வொருவரிடமும், தனியறையில், எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கப்படுகிறது. மறுத்தவர்கள் மிகச் சிலரே.

இருபத்திரண்டாம் மாதமான மார்கழியில் நோயாளி கடைசியாக வந்தார். நிறை 61 கிலோ. எப்படைட்டிஸ் பி பிறபொருளெதிரி இம்முறை 86 மில்லி அலகு. அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பார்க்க மீண்டும் அளக்க வேண்டும். தையிலும் மாசியிலும் அறுவடையால் வர இயலாது என்றார். பங்குனி முதற் கிழமைக்குத் திகதி எழுதிக் கொப்பியைக் கொடுத்தோம்.